பூதிகோட்டைப் பாதையில் இறங்கிய விமானம்

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நானும் என் வீட்டுக்காரரும் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பூதிகோட்டைக்குப் பைக்கில் கிளம்பினோம். பெங்களூரில் என்னோடு வேலை பார்க்கும் பெண்ணின் குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழா. நேரமாகிவிட்டதால் ஒரு வெட்டவெளியைக் குறுக்கே கடந்தோம். யாரோ பணக்காரர் வாங்கி நீளமாகச் சமப்படுத்திய நிலம். எப்போதாவது சின்ன விமானம் இறங்கும் என்பார்கள்; நான் பார்த்ததில்லை. நான் பார்த்தபோதெல்லாம் மாடுதான் மேய்ந்தது.

அதன் கிழக்குக் கோடியில், தண்ணீர்க் குழாய்க்காகப் புதிதாய்ப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். முழங்கால் ஆழம். பைக்கை இருவருமாகத் தூக்கித் தாண்டவைத்தபோது சத்தம் கேட்டது. மேற்கிலிருந்து ஒரு சின்ன விமானம் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது.

“இன்னா இது, இங்கியே எறங்கப் போறானா?” என்றார் அவர்.

“பள்ளம் இருக்கறது தெரியுமாங்க அந்த ஆளுக்கு?”

“மேலேர்ந்து எப்பிடித் தெரியும்? எல்லாம் ஒரே மண்ணு கலரு.”

நான் ஓடினேன். துப்பட்டாவைத் தலைக்கு மேலே பிடித்து ஆட்டினேன். “வராதீங்க!” என்று கத்தினேன். விமானம் எங்களைக் கடந்து மேலே ஏறிவிட்டது. அப்பாடா என்று நின்றேன். ஆனால் அது வட்டமடித்துத் திரும்பி, இந்த முறை கிழக்கிலிருந்து வந்து இறங்கியது. சக்கரம் தரையைத் தொட்டதும் பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. மூக்கு மண்ணில் குத்தி, வால் மேலே தூக்கி நின்றது.

பெட்ரோல் வாடை. உள்ளே ஒரே ஒருவர், முகமெல்லாம் ரத்தம். வீட்டுக்காரர் கதவை இழுத்துத் திறந்து அவரை வெளியே கொண்டுவந்தார். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன்.

“ப்ளேன் கவுந்துடுச்சுங்க.”

“வேனா?”

“வேன் இல்ல, ப்ளேன்!”

“எந்த ஏர்போர்ட்டும்மா?”

“பூதிகோட்ட போற வழிங்க” என்றேன். அந்த இடத்துக்குப் பெயரே இல்லை. ஆம்புலன்ஸ் வேறொரு ஊருக்குள் போய்ச் சுற்றிவிட்டு வருவதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

போலீஸ் வந்து இது யாருடைய ரன்வே என்று கேட்டார்கள். ஊர்க்காரர்கள் மேய்ச்சல் தரை என்றார்கள். நிலத்துக்காரர் வீட்டுமனை போடத்தான் சமப்படுத்தியதாகப் போனில் சொன்னாராம். விமானம் இறங்கும் இடங்களின் எந்த லிஸ்டிலும் இல்லாத இடம். பள்ளம் வெட்டியவர்கள் யாரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றும் யாருக்கும் தெரியவில்லை.

நான்காம் நாள் அந்தப் பைலட்டை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தோம். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட முயன்றார்.

“ரொம்ப தேங்க்ஸ் மேடம். அங்க காத்து பாக்கக் கொடி கூட இல்ல. நீங்க துப்பட்டாவ காட்டினதாலதான் காத்து மேற்கேர்ந்து வருதுன்னு தெரிஞ்சு, காத்துக்கு எதிராத்தான் இறங்கணும்னு சுத்தி வந்தேன். போன வருஷம் இறங்கினப்போ நல்லாத்தான் இருந்துச்சு.”

நான் வராதீர்கள் என்றுதான் ஆட்டினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் “ஒடம்பு பாத்துக்கோங்க” என்றேன்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரரிடம் கேட்டேன். “நான் சும்மா இருந்திருந்தா மேற்காலேர்ந்தே எறங்கியிருப்பாரு. பள்ளத்துக்கு முன்னாடியே நின்னிருக்கும், இல்லீங்களா?”

“நின்னிருக்கும். இல்ல, காத்து பின்னால தள்ளி இன்னும் வேகமா பள்ளத்துல வுழுந்திருக்கும். எனக்கு இன்னா தெரியும்?”

மறுவாரம் போலீஸ் ஸ்டேஷனில் நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். துப்பட்டாவை ஆட்டினேன் என்பதுவரை எழுதிவிட்டேன். எதற்காக என்று இன்ஸ்பெக்டர் கன்னடத்தில் கேட்டார். தடுக்க என்றேன். அவர் பைலட்டின் வாக்குமூலத்தைப் புரட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இரண்டையும் அப்படியே சேர்த்துக் கட்டி வைத்துக்கொண்டார். நான் செய்தது நல்லதா கெட்டதா என்று அவரும் சொல்லவில்லை.