ஒரே ஒரு தடவை சொல்லக்கூடிய பெயர்

எனக்குக் கோவையாக எழுத வராது. படித்தது அஞ்சாம் வகுப்போடு சரி. பாதி மறந்தும் போய்விட்டது. முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் புத்தகத்தைப் பற்றி வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

கல்யாணமாகி நான் எருமப்பட்டிப் பக்கம் வந்த இரண்டாம் வருஷம். வெள்ளைக்காரர்களின் பெரிய சண்டை தொடங்குவதற்கு முன்னால் என்று ஞாபகம். மாரியம்மன் நோம்பிக்கு அழைக்க வந்த என் அண்ணன், பழத்தோடு ஒரு புத்தகமும் கொண்டுவந்தார். சேலம் கடைவீதியில் வாங்கியது. சிவப்பு அட்டை. ஒரே புத்தகத்தில் முடிந்துபோகும் மாயக் கதை.

ஆனி மாதம் விதைக்கடலை உடைக்க உட்கார்ந்தோம். பருப்பு நசுங்காமல் கையாலேயே உடைக்க வேண்டும். என் மாமியாரும், கூலிக்கு வரும் ஒரு அக்காளும், நானும். இரண்டாம் நாளே என் மாமியாருக்கு அலுத்துவிட்டது.

“அம்மிணி, உங்கண்ணன் குடுத்த பொஸ்தவத்த எடுத்துட்டு வா. நீ படி. உம் பங்குக் கடலைய நாங்க ஒடைக்கறோம்.”

அந்தக் கதையில் வரும் நாட்டில் மந்திரம் என்று தனியாக எதுவும் கிடையாது. மழை, நெருப்பு, மரம், மனுஷன் எல்லாவற்றுக்கும் ஒரு முழுப்பெயர் உண்டு. எழுத்துக் குறையாமல் அதை வாய்விட்டுச் சொன்னால் அது சொன்னபடி கேட்கும். ஆனால் ஒரு பெயரை ஒருவர் தன் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் சொல்லலாம். சொன்னதும் அது நாக்கை விட்டுப் போய்விடும். அதனால் அந்த ஊர்க்காரர்கள் பெயர்களைச் செலவழிக்காமல் வைத்திருப்பார்கள். மழையைக்கூட ‘மேலேயிருந்து வருவது’ என்றுதான் சொல்வார்கள்.

கதாநாயகி உப்பு விற்பவள். காட்டில் புலி வந்தபோது நெருப்பின் பெயரைச் சொல்லித் தப்பித்துவிட்டாள். பிறகு மலைமேல் குளிரில் விறைத்தபோது சொல்வதற்கு நெருப்பு இல்லை. நான் அந்த மலையைக் கொல்லிமலையாகவே நினைத்துக்கொண்டு படித்தேன்.

“அடக் கூறுகெட்டவளே, புலிக்கு மரத்துல ஏறியிருக்கலாமில்ல?” என்று கூலிக்கார அக்காள் கடலையை விட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் உப்புக்காரியைக் கட்டிக்கொள்ளும் ராஜகுமாரன் வந்தான். அவன் பெயரைப் பார்த்ததும் எனக்கு வாய் ஒட்டிக்கொண்டது.

“ஏன் அம்மிணி, தொண்ட கட்டிக்கிச்சா?” என்றார் மாமியார்.

“இல்லீங்கத்தை. அந்த ராசகுமாரன் பேரு...”

“பேருக்கு என்ன?”

“அவிய பேருங்க.”

அவிய என்றால் என் வீட்டுக்காரர். மாமியார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அது அவருடைய மாமனாரின் பெயர், பேரனுக்கு வைத்தது. அவரும் ஒருநாள்கூட அதைச் சொன்னதில்லை. பெற்ற மகனைத் தொட்டிலிலிருந்தே ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவார்.

“ராசான்னு படிச்சுரு,” என்றார். அப்படியே ஓட்டினோம்.

கடைசிக் கூடைக் கடலை வந்தது. முந்தின நாள் நல்ல மழை. மறுநாள் விடிந்தால் விதைப்பு. அப்புறம் புத்தகத்தைத் தொட ஐப்பசி ஆகும். கதையில் மந்திரவாதி ராஜகுமாரனைக் கல்லாக்கிவிட்டான். உப்புக்காரி கல்லின் நெஞ்சில் கை வைத்து, முழுப்பெயரையும் சொல்ல வாயைத் திறந்தாள். நான் மூடிக்கொண்டேன்.

“சொல்லுங்க சின்னம்மா!” என்றாள் அக்காள்.

“ராசா...” என்றேன் மெதுவாக.

“எழுத்து கொறையாம சொல்லோணும்னு நீங்கதானுங்க படிச்சீங்க? ராசான்னா ஊர்ல இருக்கிற ராசாவெல்லாம் எந்திரிச்சு வந்துருவானுங்க!”

“அப்ப நீ சொல்லேண்டி,” என்றார் மாமியார்.

“நல்லாருக்குதுங்க! பண்ணையக்காரரு பேர நான் எப்படிங்க சொல்றது?”

மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கல் கல்லாகவே கிடந்தது. அன்று அவன் எழுந்திருக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்கியிருக்காது. மெய்யாகத்தான் சொல்கிறேன்.

அந்நேரம் கலப்பையைத் தோளில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் வாசலில் வந்தார்.

“என்ன, சத்தத்தையே காணோம்?”

“உம் பேரு ஒண்ணு வேணுங்குது சாமி,” என்றார் மாமியார்.

அவர் ஒன்றும் புரியாமல், கோர்ட்டுக் கச்சேரியில் சாட்சி சொல்கிறவர் மாதிரி ஊர்ப்பெயர், தகப்பன் பெயர், தன் பெயர் எல்லாவற்றையும் உரக்கச் சொன்னார்.

“பாத்தீங்களா, கல்லே தம் பேரச் சொல்லிக்கிச்சு!” என்று அக்காள் சிரித்ததில் மடியிலிருந்த பருப்பெல்லாம் சிதறிவிட்டது.

“எந்திரிச்சுட்டான், எந்திரிச்சுட்டான். நீ படி,” என்றார் மாமியார்.

படித்தேன். ராஜகுமாரன் எழுந்தான். ஆனால் உப்புக்காரி அழுகிறாள். இரண்டு பக்கத்துக்கு அழுகிறாள்.

“எதுக்கு அழுகறா?” என்று கேட்டார் மாமியார்.

“இனிமே ஆயுசுக்கும் புருசன் பேரச் சொல்ல முடியாதாமுங்க.”

அவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இவ்வளவுதானா?” என்றார் மாமியார்.

“நாங்கெல்லாம் சொல்லாமயே நாலு புள்ள பெத்துட்டமுங்க!” என்றாள் அக்காள்.

எழுதினவர் நம்மை அழ வைக்கத்தான் எழுதியிருப்பார். நாங்களோ வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து ஓய்ந்த பிறகு, மாமியார் மடியிலிருந்த கடலைத் தொலியைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்:

“ஆனா ஒண்ணு பாரு அம்மிணி. அவ செலவழிச்சுட்டா. நம்மகிட்ட அது அப்படியே இருக்குது.”

அந்தப் பேச்சு எனக்குள் தங்கிவிட்டது. பத்திரம் எழுதுகிற இடத்திலோ, ஆஸ்பத்திரியிலோ வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால் பக்கத்திலிருப்பவரைப் பார்ப்பேன், அவர்கள் சொல்வார்கள். முன்பெல்லாம் அது வெட்கத்தால். அந்தக் கதைக்குப் பிறகு, ஏதோ ஒன்றைப் பத்திரமாக வைத்திருப்பது போல ஒரு சந்தோஷம். அவருக்கும் இது தெரியும். இப்போதும் கேட்பார்: “நான் கல்லாப் போயிட்டா கூப்புடுவயா?”

“அப்பப் பாத்துக்கலாமுங்க,” என்பேன்.

புத்தகத்தை யாரோ வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை. எங்காவது அந்தச் சிவப்பு அட்டை கண்ணில் பட்டால் தயவுசெய்து சரிபாருங்கள். வந்தது புலியா கரடியா, அவள் விற்றது உப்பா சுண்ணாம்பா என்று எனக்கு இப்போது சந்தேகம். ராஜகுமாரன் பெயரையும் ஒருதரம் பார்த்து, என் வீட்டுக்காரரிடமே அவர் பெயரைக் கேட்டு ஒத்துப்பாருங்கள். வேறு ஏதாவதாக இருந்தால் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். அதே பெயராக இருந்தால், ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும்.