கதையில் அவள் போய்விட்டாள்

நூலகப் புத்தகத்தை ஈரக் கையால் தொடக் கூடாது என்பது மதினியின் சட்டம். என் அண்ணன் மனைவி அவர். அண்ணன் பூட்டுப் பட்டறைக்குப் போனதும், நாங்கள் இருவரும் உட்கார்ந்து மார்க்கெட் கடைகளுக்குப் பூக்கட்டிக் கொடுப்போம். நனைத்த வாழைநார் புழங்குகிற கையில் ஈரம் காயவே காயாது. அதனால் எனக்குக் கதை படித்துக் காட்டும் நாளில் மதினி பூவைத் தொடமாட்டார். அவர் பங்குக் கனகாம்பரத்தையும் நான்தான் கட்டுவேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு கடையின் பெயரை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பஸ் அதைத் தாண்டிப் போய்விடும். கதை வேண்டுமென்றால் இரட்டை வேலை செய்யத்தான் வேண்டும். சந்தோஷமாகவே செய்தேன்.

ஒரு தடித்த நாவல் அந்த மழைக்காலம் முழுவதும் ஓடியது. அதில் ஒருத்தி. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட, பிறந்த வீட்டில் இருந்துகொண்டு, தினமும் சாயங்காலம் முகம் கழுவிப் பொட்டு வைத்து வாசலைப் பார்த்து நிற்பாள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

“ஏன் மதினி, இவளுக்குக் கூறு இருக்கா? வராதவனுக்கு எதுக்கு இம்புட்டுச் சோடனை?”

மதினி விரலைப் பக்கத்தில் வைத்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மேலே படித்தார்.

அன்று சாயங்காலம் கண்ணாடி முன் நின்றபோது என் கை சாந்துப் புட்டியிலேயே நின்றுவிட்டது. ஒட்டன்சத்திரத்துக்கு மூட்டை தூக்கப் போன என் வீட்டுக்காரர், அங்கே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்து வருஷக்கணக்காகியிருந்தது. நானும்தான் தினம் தலைசீவி, சாயங்கால பஸ் வரும் நேரம் வாசலில் நின்றுகொண்டிருந்தேன், காற்று வாங்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு. இதை வேறு யார் எடுத்துச் சொல்லியிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பேன், அவ்வளவு ரோஷம் எனக்கு. புத்தகத்தில் இருப்பவளோடு என்ன சண்டை போடுவது? பொட்டை வைத்துக்கொண்டேன். வாசலுக்கு மட்டும் போகவில்லை.

நாவலின் கடைசியில் அந்தப் புருஷன் திரும்பி வந்தான். அவள் ஒரு வார்த்தை கேட்காமல், பெட்டியை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போய்விட்டாள். மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கையிலிருந்த சரத்தைக் கூடையில் வீசினேன்.

“கூப்பிட்டதும் போயிட்டாளா?”

“சேந்துட்டாங்கல்ல, அதுக்குச் சந்தோசப்படுவியா!”

“என்னத்தச் சேந்தாங்க! இவளுக்காகவா ஒங்க பங்குப் பூவையும் கட்டுனேன்!”

தை பிறந்ததும் என் வீட்டுக்காரர் தன் பெரியப்பாவை அழைத்துக்கொண்டு, தட்டில் பழமும் பூவுமாக வந்து உட்கார்ந்தார். அங்கே ஒத்துவரவில்லையாம், என்னைக் கூட்டிப்போகிறாராம். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. ஊர் வாய்க்குப் பதில் சொல்லிச் சலித்தவர், பாவம். “ஆத்தா, துணிமணிய எடுத்து வையி” என்றார். எனக்குப் பேச்சே எழவில்லை. கதையில் வருகிறவளைத் திட்டுவது சுலபம். இங்கே எல்லோரும் என் முகத்தை அல்லவா பார்க்கிறார்கள்!

அடுக்களையிலிருந்து மதினி சொன்னார்: “அவ வரமாட்டா.”

“நீ சும்மா இரு. அவகிட்ட கேட்டியா?” என்று அண்ணன் அதட்டினார்.

“மழைக்காலம் பூரா அவ சொல்லத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

அதற்குப் பிறகு எனக்குக் குரல் வந்தது. தட்டை எடுத்துப் பெரியப்பா கையில் கொடுத்தேன். “செத்த நேரம் இருந்து காப்பி குடிச்சிட்டுப் போங்க” என்றேன்.

இன்று பூ மார்க்கெட்டில் எனக்கென்று ஒரு கடை இருக்கிறது. மதினி தள்ளாத வயதிலும் வந்து உட்காருவார். அந்தக் கதைப் பேச்சு எப்படியாவது வந்துவிடும். அவள் போனதுதான் சரி என்பார் இன்றைக்கும். அந்த முடிவு அவருக்கு அவ்வளவு பிடிக்கும். அவ்வளவு பிடித்த முடிவை என் விஷயத்தில் மட்டும் வேண்டாம் என்று விட்டவர் அவர்.

“அப்ப நானும் போயிருக்கணுமா மதினி?” என்று போன வாரம் சீண்டினேன்.

“போயிருந்தா நான் யாரோட சண்ட போடுறது? பேசாம யாவாரத்தப் பாரு!” என்றார்.