அறிவிப்பில் விழுந்த இருமல்

எங்கள் தொடக்கப் பள்ளியில் அவளை யாரும் கிளார்க் என்று சொல்வதில்லை. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அவள் போன் அக்கா. தலைமையாசிரியரே பெரிய அதிகாரிகள் முன்னால் "எங்க போன் அக்கா" என்று ஆரம்பித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, "அலுவலக உதவியாளர்" என்று திருத்திக்கொள்வார். நான் அங்கே மூன்றாம் வகுப்பு டீச்சர். அக்காவும் நானும் ஒரே தெரு. காலையில் சேர்ந்து நடந்து வருவோம், மாலையில் சேர்ந்து நடந்து போவோம். ஆகவே அவளைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

பெயர் வந்த கதை இது. தொற்று பரவி, பள்ளியைப் பூட்டிய நாட்களில், மேலிடத்திலிருந்து வாரம் தவறாமல் சுற்றறிக்கை வரும். மூச்சு வாங்காமல் பக்கம் பக்கமாக ஓடும். அதை அப்படியே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். யாரும் படிக்கவில்லை. நானே படிக்கவில்லை, அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? படித்த சிலரும் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டார்கள். பாடப்புத்தகம் வாங்கிக்கொள்ள பெரியவர்கள் வர வேண்டும் என்று போட்டால், பாதிப் பேர் பிள்ளைகளுக்குச் சீருடை மாட்டி, தலைவாரி, கேட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். தலைமையாசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றுதான் அக்கா அலுத்துப்போய், போனை வாய்க்குக் கிட்டே பிடித்துப் பேசி அனுப்பினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். ஸ்கூல்லேர்ந்து பேசறேன். புஸ்தகம் மட்டும்தான் குடுக்கறோம். பிள்ளைங்க வீட்டிலயே இருக்கட்டும். பெரியவங்க ஒருத்தர் வந்தா போதும். பை எடுத்துட்டு வாங்க."

அவ்வளவுதான். மறுநாள் ஆளுக்கொரு பையோடு வரிசையாக வந்தார்கள். அதிலிருந்து எந்த அறிவிப்பானாலும் அக்காவின் குரலில்தான் போகும். அந்தக் குழுவில் பள்ளி மட்டும்தான் பேச முடியும், பெற்றோர் கேட்க மட்டுமே முடியும். எதிர்ப்பேச்சே இல்லாமல் தான் பேசுகிற ஒரே இடம் அதுதான் என்று அக்கா சிரிப்பாள்.

பேசுவதற்கு அவள் ஒரு இடம் வைத்திருந்தாள். சாக்பீஸ் பெட்டியும் பழைய வரைபடச் சுருள்களும் அடைத்துவைத்திருக்கும் ஸ்டோர் ரூம். அங்கே எதிரொலி வராது. கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள், பேசியதை ஒருமுறை தானே கேட்பாள், பிறகுதான் அனுப்புவாள். கேட்காமல் எதையும் அனுப்பியதில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

பள்ளியைத் திரும்பத் திறந்தபோது புதிதாகச் சேர்ந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள் முகமே தெரியாது. அலுவலக ஜன்னலுக்கு உள்ளே முகக்கவசத்தோடு யாரோ ஒருத்தி. ஒரு குட்டிப் பெண்ணிடம், "எந்த கிளாஸ் கண்ணு?" என்று கேட்டாள். அது மிரண்டுபோய் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, போன் பேசுது" என்றது. அக்காவுக்கு அன்று முழுக்க வாயெல்லாம் பல்.

இனி அவள் வீட்டுக்காரரைச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் பள்ளி வேனை ஓட்டியவர், பிள்ளைகளுக்கு வேன் மாமா. தூங்கிவிழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் ஒப்படைப்பார். வாந்தி எடுத்ததைத் துடைத்துவிட்டு அம்மாவிடம் காட்டிக்கொடுக்க மாட்டார். இரண்டாவது அலையில் அவருக்கு நோய் வந்து, ஆக்ஸிஜன் வைக்கும் அளவுக்குப் போய், பிழைத்து வந்தார். பிழைத்தாரே தவிர நுரையீரல் பழையபடி ஆகவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். நினைத்த நேரத்தில் வறட்டு இருமல் பிடித்துக்கொள்ளும். அந்த இருமல் யாருக்கும் தொற்றாது, ஆனால் புதிதாக ஏதாவது ஒட்டிக்கொண்டால் இவர் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வேன் ஓட்டும் வேலை அதோடு போயிற்று.

இதைப் பற்றி அக்கா பள்ளியில் மூச்சு விடவில்லை. சொந்தக்காரர் ஒருவரின் ஊரில் லாரி ஓட்டப் போயிருக்கிறார் என்று ஒரு கதை கட்டிவிட்டிருந்தாள். எனக்கு மட்டும் தெரியும், ஒரே தெருவில் இருமலை எத்தனை நாள் மறைப்பது? அவளை நான் திட்டாத நாள் இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு நோய் வந்தபோது, குணமாகி மாதக்கணக்கான பிறகும் அந்த வாசல் வழியாக யாரும் போகாததை அவள் பார்த்திருந்தாள். அவள் வேலையோ வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. வீடு ஓடுவதே அந்தச் சம்பளத்தில்தான்.

"பிள்ளைங்களுக்குப் பக்கத்துல உட்கார்ற வேலை, டீச்சர். வீட்ல ஒருத்தர் இருமிக்கிட்டே இருக்கார்னு தெரிஞ்சா யாரு விடுவாங்க?" என்பாள். எனக்குக் கோபம் மட்டும் வரும்.

பிறகு கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கேட்டில் நெற்றிக்கு நேரே காட்டும் வெப்பமானி முதலில் போயிற்று. இடைவெளி விட்டு நிற்பதற்காகத் தரையில் போட்ட வட்டங்களை அழித்தோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றிருந்த வகுப்பு தினமும் ஆயிற்று. ஒவ்வொன்றையும் அக்காதான் வீடுகளுக்குச் சொன்னாள். எதை நிறுத்தினோம், எதை நிறுத்தவில்லை, ஏன் நிறுத்தினோம், காய்ச்சல் வந்தால் எத்தனை நாள் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்வாள். பிள்ளைகள் பழையபடி ஒருவர்மேல் ஒருவர் விழுந்து விளையாடுவதை ஜன்னல் வழியே பார்த்துச் சந்தோஷப்படுவாள். அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போய், புடவையை வெந்நீரில் நனைத்து, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் கணவர் இருக்கும் அறைக்குள் போவாள். ஊருக்கெல்லாம் பயம் வேண்டாம் என்று சொல்கிறவளுக்குப் பயம் குறையவே இல்லை.

கடைசியாக முகக்கவசம். இனி கட்டாயமில்லை, விருப்பம் உள்ளவர்கள் போடலாம் என்ற உத்தரவோடு தலைமையாசிரியர் கூட்டத்திலிருந்து திரும்பும்போது பள்ளி விட்டுவிட்டது. மறுநாளிலிருந்தே அமல், அன்று மாலைக்குள் எல்லா வீடுகளுக்கும் தெரிய வேண்டும். ஸ்டோர் ரூமைப் பூட்டிவிட்டு வந்திருந்த அக்கா வீட்டிலிருந்தே பேச வேண்டியதாயிற்று. அப்படி வீட்டிலிருந்து பேசும் அபூர்வ நாட்களில் வேன் மாமா வாசலுக்குப் போய் நின்றுகொள்வாராம், அன்று மழை. துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சமையலறை மூலையில் நின்றிருக்கிறார். அக்கா எல்லாவற்றையும் கச்சிதமாகச் சொல்லி முடித்து, "இனிமே பயப்பட ஒண்ணும் இல்லை" என்றாள். சரியாக அந்த இடத்தில் துண்டையும் மீறி வந்தது இருமல், அடிவயிற்றிலிருந்து கிளம்பி, அடுக்கடுக்காக. அவள் பதறிப்போய், அழுத்திப் பிடித்திருந்த விரலை எடுத்தாள். எடுத்ததும் பேசியது இருமலோடு குழுவுக்குப் போய்விட்டது. கேட்டுப் பார்த்து அழித்திருக்கலாம். அதற்குள் அனுப்பியாயிற்றா என்று தலைமையாசிரியர் போனில் வந்துவிட்டார். அவருக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் பாதி ஊர் கேட்டுவிட்டது.

மறுநாள் என் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. மற்ற வகுப்புகளும் அப்படித்தான். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி வாய் மூடுவதற்குள் இருமினால் யார்தான் பிள்ளையை அனுப்புவார்கள்? காது மூக்கு வைத்துக் கதை வளர்ந்துவிட்டது. பள்ளியில் பலருக்கு நோய், மூடி மறைக்கிறார்கள் என்றது ஒன்று. போன் அக்காவே படுத்த படுக்கை, கட்டாயப்படுத்திப் பேச வைத்தார்கள் என்றது இன்னொன்று. பேக்கரி வைத்திருக்கும் ஒரு அம்மா, அவள் மகன் நாலாம் வகுப்பு, நேராக ஜன்னலுக்கே வந்துவிட்டாள். நோயாளியை உட்காரவைத்துவிட்டு முகக்கவசத்தைக் கழற்றச் சொல்கிறீர்களா, இந்த ஜன்னலில் வேறு ஆளைப் போடுங்கள் என்று வராந்தா அதிரச் சத்தம் போட்டாள். அக்கா உள்ளே கல்லாக உட்கார்ந்திருந்தாள்.

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. அவரும் ஒரு பக்கம் பெற்றோர், ஒரு பக்கம் மேலிடம் என்று மாட்டிக்கொண்டு விழிக்கிறவர். அது டிவி சத்தம் என்று சொல்லி இன்னொன்று அனுப்பிவிடுங்கள் என்றார். நானும் அதற்குத்தான் தலையாட்டினேன். ஒரு பொய்யில் வேலை தப்புமென்றால் தப்பட்டும் என்றுதான் தோன்றியது. அக்கா ஸ்டோர் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் வெளியே நின்றோம். பிறகு எங்கள் போன்கள் எல்லாம் ஒன்றாக அடித்தன.

"எல்லாருக்கும் வணக்கம். ஸ்கூல்லேர்ந்து பேசறேன். நேத்து நீங்க கேட்ட இருமல் எங்க வீட்டுக்காரரோடது. உங்களுக்குத் தெரிஞ்சவர்தான், நம்ம வேன் மாமா. அவருக்கு அந்த நோய் வந்து போயிடுச்சு. நுரையீரல் மட்டும் சரியாகலை. அந்த இருமல் யாருக்கும் தொத்தாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். பயப்பட வேண்டியது நீங்க இல்லை, நான்தான். இங்கேர்ந்து நான் எதையாவது வீட்டுக்குக் கொண்டுபோனா அவர் தாங்க மாட்டார். இதை முன்னாடியே சொல்லியிருக்கணும். வேலை போயிடுமோன்னு சொல்லலை. மத்தபடி நேத்து சொன்னது சொன்னதுதான். மாஸ்க் கட்டாயம் இல்லை. பிள்ளைங்களை அனுப்புங்க."

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அக்கா வெளியே வந்ததும் தானே போய் டீ வாங்கிக்கொண்டு வந்து வைத்தார். இனி என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அந்தக் குழுவில் யாரும் பதில் போட முடியாது. சிரிக்கிறார்களா, திட்டுகிறார்களா, விடிந்தால்தான் தெரியும்.

மறுநாள் காலையில் நடந்து வரும்போது அக்கா மெதுவாகச் சொன்னாள். வேன் மாமா அந்தக் குழுவிலிருந்து விலகவே இல்லையாம், அவரும் கேட்டுவிட்டாராம். கோபித்துக்கொள்வார் என்று இவள் பயந்துகொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள். "பிள்ளைங்களுக்கு என்னை ஞாபகம் இருக்குமா?" என்று மட்டும் கேட்டாராம். சொல்லிவிட்டு நடையை எட்டிப் போட்டாள்.

முந்தின நாளைவிடக் கூட்டம் அதிகமாகத்தான் இருந்தது. எல்லோரும் வந்துவிடவில்லை. ஒரு அப்பா பிள்ளையை அந்த வாரம் முழுக்க அனுப்பவில்லை. அவர் தன் அம்மாவை இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர், அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். என் வகுப்பில் நாலைந்து இடம்தான் காலி. முகக்கவசம் இல்லாத முகங்களை அன்றுதான் ஒட்டுமொத்தமாகப் பார்த்தேன். யாருக்குப் பல் விழுந்திருக்கிறது, யாருக்கு முளைத்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது, ஜன்னல் பக்கம் பேக்கரி அம்மா வருவது தெரிந்தது. வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அவள் ஏதாவது பேசினால் நானும் பேசிவிடுவது என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் போனேன்.

அவள் பின்னால், முந்தின நாள் விடுப்புக்குச் சீட்டு கொடுக்க நாலைந்து பெற்றோர் வரிசையில் நின்றார்கள். யார் முகத்திலும் முகக்கவசம் இல்லை. பேக்கரி அம்மா ஜன்னலை நெருங்கியதும் நின்று, கைப்பையைத் திறந்து, முகக்கவசத்தை எடுத்து மாட்டினாள். அக்காவின் முகம் செத்துவிட்டது. நாற்காலியோடு தானாகவே பின்னால் நகர்ந்தாள். எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை பார் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. வாயைத் திறந்தேவிட்டேன்.

"எனக்கு லேசா சளி புடிச்சிருக்கு" என்றாள் பேக்கரி அம்மா, என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்து. "கடையில நாள் பூரா ஆளுங்க வர்றாங்க, என்னத்த ஒட்டிக்கிட்டு வந்திருக்கேனோ. நீங்க இங்கேர்ந்து எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது." மூக்குக்கு மேலே அழுத்தி விட்டுக்கொண்டாள். "மாமாவைக் கேட்டதா சொல்லுங்க. எங்க பையனை ரெண்டு வருஷம் தூக்கிட்டு வந்து வாசல்ல விட்டவரு."

அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் பையைத் துழாவ ஆரம்பித்தார்கள். ஒருவரிடம் முகக்கவசம் இல்லை போலிருக்கிறது, கைக்குட்டையை மடித்து வழிப்பறிக்காரன் மாதிரி மூக்குக்கு மேல் கட்டிக்கொண்டார். திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நாள்கணக்கில் காத்துக்கிடந்தபோதுகூட அழாதவள் அக்கா. "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் கதவைச் சாத்தினாள். ஒரு நிமிஷத்தில் திறக்கவில்லை. வெளியே வரிசை வராந்தா முனைவரை போய்விட்டது. எல்லோருக்கும் வேலைக்குப் போகிற அவசரம், ஆனால் ஒருவரும் கதவைத் தட்டவில்லை.