மதகுத் தூணைப் படம் பிடித்தது

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் எங்கள் தோட்டத்து மதகு உடைந்து உப்புத் தண்ணீர் தென்னைக்குள் ஏறியது. மதகைக் காத்தவன் என் மைத்துனன், மனைவியின் தம்பி. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்காகத் தூணை அறுத்தான் என்று பிடித்துப் போனார்கள். இந்தியாவுக்குக் கப்பலேற்றப் போவதாகப் பேச்சு. புழு அரித்த மரம் என்று நானும் மனைவியும் கோலசிலாங்கூர் போலீஸ் அதிகாரியிடம் கெஞ்சினோம். உடைந்த இடம் தண்ணீருக்கடியில், தூணைப் பிடுங்கிக் காட்டினால் கரை சரியும் என்றோம். "படம் இருந்தால் காட்டு" என்றார்.

நான் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. கேமரா வாங்கி ஆறு மாதம்தான். திமிர் ஆறு வருடத்துக்கு இருந்தது. மண்ணெண்ணெய்த் தகரத்தின் ஒரு பக்கத்தை வெட்டிக் கண்ணாடி பதித்து, தார் பூசி, கேமராவை உள்ளே வைத்துத் தண்ணீரில் அமுக்கினேன். முதல் படத்தில் தூணே தெரியவில்லை. பிளாஷ் நேராக அடித்ததில் சேற்றுத் துகளெல்லாம் பொரி மாதிரி வெளுத்துக் கிடந்தன.

மறுநாள் காலை, நீர் வற்றி அசையாமல் நிற்கும் நேரம் பார்த்து இறங்கினோம். இன்னும் கிட்டப் போய் அடிக்கலாம் என்பது என் கணக்கு. பிளாஷ் பல்பு பட்டென்று எரிவதால் வீட்டில் அதற்கு வெடி என்றே பெயர். பழக்கதோஷத்தில், "அந்த வெடிய எடு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

அதிகாரி காவலுக்கு அனுப்பிய மலாய்ப் போலீஸ்காரருக்குத் தோட்டத்துத் தமிழ் அரைகுறையாகத் தெரியும். துப்பாக்கி என் நெஞ்சுக்கு நேராக வந்தது.

"வெடியா? கை தூக்கு லா."

தூக்கினேன். ஓரடி பின்வைத்ததில் சேறு கலங்கியது. மனைவி பல்பைக் காட்டி விளக்கியும் அவர் நம்பவில்லை, பையோடு வாங்கிக்கொண்டார். வெறும் கேமராவுக்கு மட்டும் தலையசைத்தார். துப்பாக்கி இறங்கவில்லை.

மனைவி மதகுக் குடிசையிலிருந்து தம்பி சவரம் செய்யும் கண்ணாடியை எடுத்து வந்தாள். ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வெயிலைப் பக்கவாட்டில் தண்ணீருக்குள் திருப்பினாள். சேறு படியும்வரை மூச்சைப் பிடித்து நின்று, அழுத்தினேன்.

வீட்டில் கழுவிப் பார்த்தால் படம் அருமையாக விழுந்திருந்தது. பக்கத்து வெளிச்சத்தில் மரத்தின் மேடு பள்ளமெல்லாம் தெரிந்தது. புழுத்துளை ஒன்றுமில்லை. ரம்பப் பல் அறுத்த தடம், வரிவரியாக.

"கை வெச்சப்பவே தெரிஞ்சிச்சி" என்றாள்.

"பின்ன ஏன் கண்ணாடிய ஒழுங்கா புடிச்ச?"

"துப்பாக்கி பாத்துக்கிட்டு இருந்திச்சே."

காட்டினால் தூக்கு, காட்டாவிட்டால் கப்பல். படத்தையும் பிலிமையும் அடுப்பில் போட்டுவிட்டு, படம் விழவில்லை என்று அதிகாரியிடம் சொன்னேன். அந்த மாதமே அவனைக் கப்பலேற்றினார்கள். உயிரோடுதானே போனான் என்று அவள் ஆறிக்கொண்டாள். அவன் மேல் எனக்கிருந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை.