சாமி விளக்குக்குக் கொண்டுபோன எண்ணெய்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் அப்போது பள்ளிக்கூடம் கிடையாது. சாமியைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா சொன்னதுதான். அப்பா நெடுநாள் காய்ச்சலிலிருந்து எழுந்து மறுபடியும் ரப்பர் பால் வெட்டப் போன வருஷம், வேண்டுதலை நிறைவேற்ற அம்மா எங்களைச் சிவனொளிபாத மலைக்குக் கூட்டிப்போனாள். உச்சியில் இருப்பது எங்களுக்குச் சிவன் பாதம், சிங்களவர்களுக்குப் புத்தர் பாதம். எனக்குப் பத்து வயது, தங்கைக்கு ஆறு. உச்சியில் விளக்கேற்ற, சமையலில் மிச்சம் பிடித்த தேங்காயெண்ணெயை ஒரு செம்பில் ஊற்றி, வாயை வாழையிலையால் கட்டி எடுத்துக்கொண்டாள்.

இரத்தினபுரிப் பக்கத்துக் காட்டுவழி. இறங்கி வந்த சிங்கள யாத்திரிகர்கள் எங்களைக் கண்டதும், "கருணாவய்!" என்று குரல் கொடுத்தார்கள்.

"அப்படின்னா என்னாம்மா?" என்றாள் தங்கை.

"மலைக்கு வர்றவங்க மேல கருணை இருக்கட்டும்னு சொல்றாங்க. நீயும் சொல்லு."

எதிரே வந்தவர்களிடமெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

ஓர் ஓடைக்கரையில், நடுவயதுச் சிங்களப் பெண் ஒருத்தி தனியே பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்களாம். கல் குத்தி அவள் பாதங்கள் கிழிந்திருந்தன. அம்மா செம்பை இறக்கி வைத்துவிட்டு முகம் கழுவக் குனிந்தாள். நிமிர்ந்து பார்த்தால், தங்கை வாழையிலையைப் பிரித்து, எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, அந்தப் பாதத்தில் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஐயையோ! அது சாமிக்கு வச்சதுடி!"

"இவங்களுக்கு வலிக்குதும்மா," என்றாள் தங்கை, தலையைத் தூக்காமலே.

அந்தப் பெண்ணுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "எப்பா துவே, எப்பா," வேண்டாம் மகளே என்று பதறிக் காலை இழுத்துக்கொண்டாள். தங்கை அந்தக் காலை மெதுவாகப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அம்மா ஈரக் கையோடு தரையில் உட்கார்ந்து மற்றக் காலைத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டாள். முந்தானையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டுப் போட்டாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மாரியம்மன் கோயில் திருவிழாவில் சாமி வந்து ஆடுகிறவர்களைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை.

நாலு பேருமாகவே மெல்ல ஏறினோம். செம்பில் மிஞ்சிய எண்ணெயில் விளக்கு கொஞ்ச நேரந்தான் எரிந்தது. அம்மா அதைக் குறையாகச் சொல்லவே இல்லை.

உச்சியில் மணி உயரத்தில் தொங்கியது. அந்தப் பெண் கட்டுப் போட்ட காலோடு எக்கி நின்று, தங்கையைத் தூக்கிப் பிடித்தாள். தங்கை மணியை அடித்துவிட்டுச் சிரித்தாள். கீழே மலைமலையாக மேகம் கிடந்தது. எல்லோரும் அதைப் பார்த்துக் கைகூப்பினார்கள். நான் தங்கையையே பார்த்தபடி நின்றேன், இவள் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்து பிறந்தாள் என்று.