இனிஷியல் மாறிய கட்டுரைகள்

கல்யாணத்துக்கு முன்பு என் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல் இருந்தது. பிறகு கணவருடையது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ரேஷன் கார்டில் மாற்றியபோது கட்டுரைகளிலும் மாற்றிக்கொண்டேன். அது என் ஆராய்ச்சிக்கே வேட்டு வைக்கும் என்று யார் கண்டது?

விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் நான் தாவரவியல் ஆசிரியை. கணவருக்கும் அதே பாடம்தான், திண்டிவனத்தில் வேறொரு கல்லூரி. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, இலையில் விழும் புள்ளிநோய் என் ஆராய்ச்சி. கோலியனூர்ப் பக்கத்து வயல்களில் குனிந்து குனிந்து இலை பறித்ததில் முதுகு போனது எனக்கு. அவர் சில நாள் வண்டியில் கொண்டுவிட்டார், அட்டவணைகளைச் சரிபார்த்தார். அதற்காகப் பிந்தைய கட்டுரைகளில் அவர் பெயரை இரண்டாவதாகச் சேர்த்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம், பிஎச்.டி. மாணவர்களுக்கு நெறியாளராக இருவருமே விண்ணப்பித்தோம். நேர்காணல் குழுவில் எல்லோரும் ஆண்கள். தலைமை வகித்தவர் என் பழைய கட்டுரைகளைப் புரட்டி, இனிஷியல் வேறாக இருக்கிறதே, இது வேறு யாரோ எழுதியது என்று ஒதுக்கினார். விளக்கினேன். தலையாட்டிவிட்டு, ஒதுக்கிய இடத்திலேயே விட்டுவிட்டார். பிறகு புதிய கட்டுரைகளை எடுத்தார்.

“இது சார் பண்ண வேலைதானம்மா? உங்க பேர முன்னாடி போட்டிருக்கார். நல்ல மனசு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்தான் செய்தேன் என்றேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அதே கட்டுரைகளைக் காட்டித்தான் என் கணவர் நெறியாளர் ஆனார். எனக்குக் கிடைக்கவில்லை.

மல்லாட்டை நோயைப் படிக்க என்னைத் தேடி வந்த மாணவி, வேறு வழியில்லாமல் அவரிடம் பதிவு செய்தாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். கணவருக்கு விளங்கவே இல்லை.

“நீதான சொல்லித்தரப் போற. பேரு யார்துன்னா இன்னா? இதுக்குப் போய் பேஜாரு பண்ணிக்கினு இருக்கியே.”

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வருவாள். இலைகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். அத்தியாயம் அத்தியாயமாகத் திருத்தினேன். கணவர் சமையலறையில் இருப்பார். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அவருடையது. மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம்.

ஆய்வேடு முடிந்ததும் முதல் பிரதியை எனக்குத்தான் கொண்டுவந்தாள். நன்றியுரையைப் பிரித்தேன். வழிகாட்டிய நெறியாளருக்கு ஒரு பக்கம். கடைசியில், அன்புடன் சமைத்துப் போட்ட அவருடைய துணைவியாருக்கு ஒரு வரி.

அவளை நிமிர்ந்து பார்த்தேன்.

“எல்லாரும் அப்பிடித்தான் மேடம் எழுதுறாங்க” என்றாள்.