புகார் அக்கா கொடுத்த புகார்

எங்கள் மருத்துவமனையில் எல்லாரும் அவரைப் புகார் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு நொடி யாரையோ என்று பார்ப்பார். மருந்துக் கவுன்டருக்கும் லிஃப்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு, ஒரு மேசை, எதிரே இரண்டு நாற்காலிகள், ஒரு தண்ணீர் ஜாடி. டாக்டர் வரவில்லை, நர்ஸ் முறைத்தார், கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை என்று ஊரில் உள்ள கோபமெல்லாம் அங்கேதான் வந்து இறங்கும். நான் கம்ப்யூட்டர் பிரிவு. என் அறை அக்காவின் முதுகுக்குப் பின்னால். அதனால் வருடக்கணக்கில் இந்த வசவுகளை நானும் இலவசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு. தாழ்ப்பாளைப் பற்றிய புகார் என்றால் உடனே எழுதிக்கொள்வார். ஆளைப் பற்றிய புகார் என்றால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். வந்தவர் கத்தி ஓயும்வரை பொறுத்திருந்து, மெதுவாகக் கேட்பார்: "இதை எழுதினா அவங்களுக்கு வேலை போனாலும் போகலாம். எழுதட்டுமா?"

பாதிப் பேர் அங்கேயே இறங்கி வந்துவிடுவார்கள். வேலையெல்லாம் போக வேண்டாம், கூப்பிட்டுக் கண்டித்து வையுங்கள் என்பார்கள். அக்கா முகம் மலர்ந்து ஜாடியிலிருந்து அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். மீதிப் பேர் "எழுதுங்க" என்பார்கள். அவர்கள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுவார். தண்ணீர் மட்டும் கிடையாது. அவர்கள் போனதும் என் பக்கம் திரும்பி, "கல்லு மனசு" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடிபட்டவன் புகார் கொடுக்காமல் பாராட்டுக் கடிதமா கொடுப்பான் என்று கேட்பேன். அக்கா வாதாட மாட்டார். அவருடைய கணவர் ஒரு பெரிய கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவர். யாரோ ஒருவர் ஏதோ ஒரு கோபத்தில் கொடுத்த புகாரில் வேலை போய், அதன்பின் எந்த வேலையிலும் ஒட்டாமல் வீட்டோடு இருக்கிறார். அது எனக்குத் தெரியும் என்பதால் நானும் அதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு காலை எங்கள் கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் ஒரே அறிவிப்பு வந்து நின்றது. உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் பணத்தோடு இந்த முகவரிக்கு வந்து பேசுங்கள் என்று. நகல் வைத்திருந்த பெட்டியும் அதே இணைப்பில் இருந்ததால் அதுவும் பூட்டிக்கொண்டது. பில்லையும் ரத்தப் பரிசோதனையையும் கையால் எழுதிச் சமாளித்தார்கள். சமாளிக்க முடியாமல் போனது கதிர்வீச்சுப் பிரிவுதான். இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எந்த நோயாளிக்கு எந்த இடத்தில் எவ்வளவு என்ற கணக்கு முழுவதும் பூட்டுக்குள் போய்விட்டது. அது இல்லாமல் ஒருவரையும் படுக்கவைக்க முடியாது.

அந்த நோயாளிகளில் ஒரு தையல்காரர் இருந்தார். தொண்டையில் கட்டி. சிகிச்சை பாதியில் நின்றிருந்தது. நாட்கள் தள்ளிப்போனால் இதுவரை பட்ட வேதனையெல்லாம் வீண், கட்டி மறுபடி தலைதூக்கிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் காலையில் அவர் அக்காவின் மேசைக்கு வந்து, பேசினால் வலிக்கும் என்பதால் புருவத்தை மட்டும் உயர்த்துவார். அக்கா இல்லை என்று தலையை ஆட்டுவார். அவர் போய்விடுவார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பணம் கொடுக்காதீர்கள், பேசி இழுத்துக்கொண்டிருங்கள் என்றது போலீஸ். கொடுக்க நினைத்தாலும் அவ்வளவு பணம் எங்கள் இயக்குநரிடம் இல்லை. பேசுவது யார் என்ற கேள்வி வந்தது. இயக்குநர் ஃபோனை எடுத்தாலே கத்துவார். நான் முதல் வரியிலேயே அவன் வம்சத்தை இழுத்திருப்பேன். கோபக்காரர்களோடே காலம் தள்ளுகிறவர் ஒருவர்தான் என்று அக்காவை என் அறையில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்.

கும்பல் கொடுத்த முகவரி டார்க் வெப்பில், சாதாரணமாகத் தேடினால் அகப்படாத மறைவு இணையத்தில் இருந்தது. டார்க் வெப் என்றதும் திரையே இருட்டாக இருக்கும் என்று அக்கா நினைத்திருக்கிறார். "வெளிச்சமாத்தானேப்பா இருக்கு" என்று ஏமாந்துபோனார். அதற்கென்று தனி பிரவுசர். கீபோர்டில் தலைவைத்துத் தூங்கியதுபோல் எழுத்தும் எண்ணுமாக நீண்ட முகவரி. ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம், திறந்தாலும் பாதி இடங்களில் ஆள் காலி செய்துகொண்டு போயிருப்பார்கள். தான் பேசப்போகிறவர்கள் எப்படிப்பட்ட தெருவில் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார் அக்கா. சுற்றிக் காட்டினேன். திருட்டு கார்டு எண்கள், போலிச் சான்றிதழ்கள், பெயர் தெரியாத மாத்திரைகள். எல்லாவற்றுக்கும் நட்சத்திர மதிப்பெண். பார்சல் தாமதம், பணத்தைத் திருப்பிக் கொடு, பொருள் போலி என்று திருடர்களைப் பற்றித் திருடர்களே கொடுத்த புகார்கள். அக்கா அவற்றை ஆசையாக உட்கார்ந்து படித்தார். இன்னொரு மூலையில், சொந்த நாட்டில் வாய் திறக்க முடியாதவர்கள் மறைந்திருந்து பேசிக்கொள்ளும் பக்கம் ஒன்று. அதையும் பொறுமையாகப் படித்துவிட்டு, "ஒளிய வேண்டியவங்க எல்லாம் ஒரே சந்துலதான் இருக்காங்க, நல்லவங்களும் சேர்த்து" என்றார்.

பிறகு அந்தக் கும்பலின் அரட்டைப் பெட்டியைத் திறந்தோம். அந்தப் பக்கம் ஆணா பெண்ணா தெரியாது. பெயருக்குப் பதில் ஓர் எண். இரு பக்கத்துக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில்தான் பேச்சு. அக்கா வணக்கம் எழுதினார். அடுத்து, நான் தடுப்பதற்குள், "சாப்பிட்டீர்களா?" என்று எழுதினார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது: "இன்னும் இல்லை."

அப்படி ஆரம்பித்தது. மதியம்தோறும் பேசினார்கள். உங்கள் பொறுமைக்கு நன்றி, உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்று அந்த ஆள் அடிக்கடி அச்சடித்த வாக்கியங்களை அனுப்பும். நாமும் இதையேதானே பாடுகிறோம் என்று அக்கா சிரிப்பார். ஒருநாள், "நான் பதில் எழுதும் ஆள் மட்டும்தான், முடிவெடுப்பது மேலே இருப்பவர்" என்று வந்தது. அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் அவர் வாயிலிருந்து வரும் வாக்கியம் அது. தையல்காரரைப் பற்றிச் சொன்னார். தன் மேசையைப் பற்றி, தான் கேட்கும் கேள்வியைப் பற்றிச் சொன்னார். "நல்ல கேள்வி. இங்கே யாரும் அப்படிக் கேட்பதில்லை" என்றது அந்த ஆள். விலை கொஞ்சம் இறங்கியது. சாவி வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் தையல்காரர் புருவத்தை உயர்த்தவில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டு வாயைத் திறந்து, "இன்னைக்காவது?" என்றார். அக்காவால் தலையைக்கூட ஆட்ட முடியவில்லை. எழுந்து என் அறைக்கு வந்து, "இவங்க கடையில புகார் பெட்டி இல்லையா?" என்று கேட்டார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அக்கா கும்பலின் முகப்புப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி அடிவரை படித்தார். பூட்டைச் செய்கிறவர்கள் வேறு, அதை வாடகைக்கு எடுத்து ஊரைப் பூட்டுகிறவர்கள் வேறு என்பது அதில்தான் தெரிந்தது. வாடகைக்காரர்களுக்கு விதிகள் போட்டிருந்தார்கள். மருத்துவமனைகளில் உயிர் போகும் இடத்தில் கைவைக்கக் கூடாது என்பது ஒரு விதி. மீறினால் இங்கே தெரிவிக்கவும் என்று கீழே ஒரு பெட்டி. இதெல்லாம் ஊரை ஏமாற்றும் வேலை என்றேன். "பலகைல எழுதி மாட்டினா, எழுதினவன் ஒருத்தனாவது அதை நம்புவான்" என்றார் அக்கா.

யார்மேல் புகார் என்று பெட்டி கேட்டது. எங்களைப் பூட்டிய வாடகைக்காரன் யாரென்று எங்களுக்குத் தெரியாது. கையில் இருந்தது ஒரே ஓர் எண், அரட்டையில் பேசும் ஆளுடையது. அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அது திருட்டுக் கும்பல்ல ஒரு ஆள்தான்க்கா. எழுதுங்க."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எண்ணை எழுதினார்.

மறுநாள் மதியம் சாவி வந்தது, இலவசமாக. கூடவே ஒரு கடிதம். நடந்ததற்கு வருந்துகிறோம், விதியை மீறிய வாடகைக்காரரும் அவருடைய ஆட்களும் நீக்கப்பட்டார்கள் என்று. அப்படிப்பட்ட இடத்தில் நீக்குவது என்றால் என்ன அர்த்தம் என்று யோசிக்க எனக்கு விருப்பமில்லை. சாவியைப் போட்டதும் பூட்டு திறந்தது. அன்று மாலையே தையல்காரர் இயந்திரத்தின் அடியில் படுத்தார். இயக்குநர் வராந்தாவில் நின்று கைதட்டினார், எல்லாரும் தட்டினார்கள். எனக்கும் கண் கலங்கியது உண்மை.

அக்கா மட்டும் என் அறையில் அரட்டைப் பெட்டியின் முன் இருந்தார். அதில் சில வரிகள் வந்து கிடந்தன.

"புகாரில் என் எண் இருந்தது. உங்கள் மேசைக்கு வரும் எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்பதாகச் சொன்னீர்கள். உங்களிடம் அதை யார் கேட்டார்கள்?"

பதில் எழுத வேண்டாம், மூடிவிடுங்கள் என்றேன். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்: "யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுதியிருப்பேன்."

அனுப்பினார். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு அந்த முகவரியில் எதுவும் இல்லை என்று வந்தது.

"போய்ச் சேர்ந்துச்சாப்பா?"

"இல்லக்கா."

அக்கா அழுதார். திருட்டுக் கும்பலுக்கு எழுதிப் பிழைத்த ஆளுக்காக அழுவதா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் முழுதாக வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எழுதுங்க என்று விரட்டியவன் நான். அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டியவனும் நான்தான்.

சில நாள் கழித்து ஒரு பெண் வந்தார். அவருடைய மகளுக்கு வார்டில் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளை பிழைத்துவிட்டாள். கொடுத்தவரின் பெயரைச் சொல்லிப் புகார். அக்கா பேனாவைக் கீழே வைத்தார். வழக்கமான கேள்வியை வழக்கமான குரலில் கேட்டார். அந்தப் பெண் "எழுதுங்க" என்றார். அக்கா ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதினார்.

அந்தப் பெண் எழுந்து போனார். அக்கா என் பக்கம் திரும்புவார் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை. ஜாடியிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீரை ஊற்றி, சிந்தாமல் பிடித்துக்கொண்டு, லிஃப்டுக்கு நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்து நடந்தார்.